எழுபது வளைவுகள்... ஒரு பழைய ஆர்15... பஸ்ஸின் கடைசி சீட்டில் ஓர் அம்மா!

ஞாயிற்றுக்கிழமை காலை. கொல்லிமலையின் அடிவாரமான காரவள்ளியைத் தாண்டி, சேலத்திலிருந்து வந்த அரசுப் பேருந்து முதல் கொண்டை ஊசி வளைவை நெருங்குகிறது. எல்லோரும் ஜன்னல் வழியாக மலையைப் பார்க்கிறார்கள். கடைசி சீட்டில் இருக்கும் ஓர் அம்மா மட்டும் திரும்பி உட்கார்ந்து, பின்பக்கக் கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

பேருந்துக்குப் பின்னால் ஒரு நீல நிற யமஹா ஆர்15 வருகிறது. ஓட்டுவது அவருடைய மகன். வயது 24. சேலம் செவ்வாய்ப்பேட்டை பக்கம் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வேலை. வண்டி 2013-ம் வருட மாடல். அவர் கைக்கு வந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

"பின்னாடி உக்காந்து வாம்மா" என்று மகன் கூப்பிட்டபோது, உயரத்தில் தனியாக நிற்கும் அந்தப் பின் சீட்டை அம்மா ஏற இறங்கப் பார்த்தார். "இதுல எங்கடா உக்கார்றது? பரண் மேல ஏறுற மாதிரி இருக்கு. நீ வண்டியில வா கண்ணு, நான் பஸ்ல வர்றேன்."

அப்படித்தான் இந்தப் பயணம் தொடங்கியது. ஆனால், கதை தொடங்கியது அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னால்.

"அப்புறம் மாத்திக்கலாம் தம்பி!"

பள்ளிக்கூடம் படிக்கும்போது சாலையில் பார்த்த ஆர்15, அந்த மகனின் மனதில் அப்படியே நின்றுவிட்டது. 2008-ல் இந்தியாவுக்கு வந்த வண்டி அது. 150 சிசி-யில் லிக்விட் கூலிங், ஆறு கியர், பந்தய வண்டி போல முழுதாக மூடிய உடம்பு எனப் பல விஷயங்கள் அன்றைக்குப் புதுசு. 2011-ல் வந்த இரண்டாவது வெர்ஷனில்தான் சீட் இரண்டாகப் பிரிந்து, பின் சீட் மேலே ஏறியது. கல்லூரிப் பையன்களின் கனவு வண்டியாக அது இருந்த காலம் ஒன்று உண்டு.

புது வண்டி வாங்க வசதியில்லை. இரண்டு வருடம் கட்டிய சீட்டை எடுத்ததும், கையில் 60,000 ரூபாய் இருந்தது. சேலத்தில் ஒரு பைக் கன்சல்டிங்கில் இந்த நீல ஆர்15 நின்றது. 62,000 சொன்னார்கள். பேசிப் பேசி 55,000-க்கு வந்தது. ஓடோமீட்டரில் 41,000 கி.மீ. சீட்டுக்கு அடியில் சர்வீஸ் புத்தகம் இருந்தது. 18,000 கிலோமீட்டர் வரை சீல் வைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு எல்லாப் பக்கமும் காலி. புத்தகத்தோடு ஒரு விபூதிப் பொட்டலமும் கிடந்தது.

கொலுசுப் பட்டறையில் கண்ணி கண்ணியாகப் பார்த்துப் பழகிய கண் அல்லவா... மகன் முதலில் உட்கார்ந்து பார்த்தது வண்டியின் செயினைத்தான். ஓர் இடத்தில் தளர்ந்து, இன்னோர் இடத்தில் இறுகி ஓடியது. ஸ்ப்ராக்கெட்டின் பற்கள் ஒரு பக்கமாகச் சாய்ந்து கூர்மையாகத் தேய்ந்திருந்தன. இடது பக்க ஃபேரிங்கில் இரண்டு ஸ்க்ரூ மட்டும் வேறு மாதிரி. அந்தப் பக்கம் ஒருமுறை விழுந்திருக்கிறது என்று புரிந்தது. ஆனால் இன்ஜின் சத்தம் சுத்தமாக இருந்தது. சேஸிஸ் நம்பரும், இன்ஜின் நம்பரும் ஆர்.சி-யோடு பொருந்தின. அட்வான்ஸ் கொடுத்துவிட்டார்.

"பேர் மாத்துறதெல்லாம் அப்புறம் பார்த்துக்கலாம் தம்பி. ஓனர்கிட்ட ஃபார்ம்ல கையெழுத்து வாங்கி வெச்சிருக்கோம். நீங்க ஓட்டிக்கிட்டு இருங்க" என்றார் கன்சல்டிங்காரர். நிறைய பேர் அப்படித்தான் ஓட்டுகிறார்கள்.

இதை மகன் வீட்டில் சொன்னபோது, சலங்கை கோத்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றுவிட்டது.

அப்பா ஓட்டிய வண்டி

2011-ல் அப்பா இறந்தது ஒரு சாலை விபத்தில். அவர் ஓட்டியதும் செகண்ட் ஹேண்ட் வண்டிதான். ஒரு மொபட். தெரிந்தவரிடம் வாங்கியது. பெயர் மாற்றவில்லை. 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று மூன்று வருடம் ஓடிவிட்டது.

வண்டியின் உரிமையாளரே ஓட்டிச்சென்று விபத்தில் இறந்தால், குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய தனிநபர் விபத்துக் காப்பீடு என ஒன்று உண்டு. அப்போது டூவீலருக்கு அது 1 லட்சம் ரூபாய். 2018-க்குப் பிறகு அதை 15 லட்சமாக உயர்த்திவிட்டார்கள். ஆனால், ஆர்.சி-யும் பாலிசியும் வேறொருவர் பெயரில் இருந்ததால், அந்த 1 லட்சம் இந்த வீட்டுக்கு வரவில்லை. மகனுக்கு அப்போது 10 வயதுகூட நிறையவில்லை.

அம்மா சத்தம் போடவில்லை. வண்டி வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "உன் பேருக்கு மாறி, கார்டு என் கைக்கு வரணும். அதுவரைக்கும் வண்டி வாசலைத் தாண்டக்கூடாது."

கன்சல்டிங்காரர் முகம் சுளித்தார். பழைய உரிமையாளரை நேரில் வரச்சொல்லி, ஃபார்ம் 29, 30 இரண்டையும் பூர்த்தி செய்து, ஆர்.டி.ஓ அலுவலகத்தில் கொடுத்தார்கள். வண்டியின் மேல் பழைய கடன் இருந்தது. அதை அடைத்ததற்கான வங்கியின் தடையில்லாச் சான்றும் ஃபார்ம் 35-ம் வந்து சேரப் பத்து நாள். இன்ஷூரன்ஸைப் பெயர் மாற்ற தனியாக ஒரு விண்ணப்பம். எல்லாம் முடிந்து தபாலில் ஆர்.சி கார்டு வர மூன்று வாரம் ஆனது.

அந்த மூன்று வாரமும் வண்டி வாசலில், தார்ப்பாய்க்கு அடியில் நின்றது. தெருப் பிள்ளைகள் தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிட்டு ஓடின. மகன் தினமும் இரவு வந்து, தார்ப்பாயை விலக்கி, துடைத்து, மறுபடி மூடினார். அந்த நாள்களில்தான் புதுச் செயின் ஸ்ப்ராக்கெட், பிரேக் பேட், கூலன்ட், பின் டயர் எல்லாம் மாறின. பின் டயர் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால், பக்கவாட்டில் இருந்த நான்கு இலக்கத்தைப் படித்தபோது அது ஏழு வருடப் பழசு என்று தெரிந்தது. கையிலிருந்து மேலும் 10,000 ரூபாய் போனது.

ஆர்.சி வந்த அன்று அம்மா கார்டைக் கண்ணாடி போட்டுப் படித்தார். மகன் பெயர், அப்பா பெயர், முகவரி. இரண்டு முறை படித்துவிட்டு, வண்டிக்குக் குங்குமம் வைத்தார். "அறப்பளீஸ்வரருக்கு ஒரு வேண்டுதல் பாக்கியிருக்கு. முதல்ல அங்க போயிட்டு வந்துடலாம்" என்றார்.

முதல் முப்பது கிலோமீட்டர்

வண்டி வாங்குவதற்கு முன்பு யாரும் சொல்லாத சில விஷயங்களை, சேலம் ஊருக்குள்ளேயே அது சொல்லிவிட்டது.

ஹேண்டில்பார் தாழ்ந்திருப்பதால் உடம்பின் பாரம் மணிக்கட்டில் இறங்குகிறது. கால் வைக்கும் இடம் பின்னால் தள்ளியிருப்பதால் முழங்கால் மடங்கியே இருக்கிறது. சிக்னலில் நின்றால், ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்து, அனல் தொடையில் அடிக்கிறது. கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி பாதி தெரிந்தால், மீதி பாதியில் தன் முழங்கைதான் தெரிகிறது. தெருவுக்குள் யு-டர்ன் போட, மற்ற வண்டிகளுக்குத் தேவைப்படுவதைவிட அதிக இடம் வேண்டும். பட்டறை முதலாளியின் பழைய ஸ்கூட்டர் ஒரே வீச்சில் திரும்பும் சந்தில், ஆர்15 இரண்டு முறை முன்னே பின்னே போக வேண்டியிருந்தது.

ஆனால் அந்த ஞாயிறு காலை, சேலத்தைத் தாண்டி நாமக்கல் நெடுஞ்சாலையில் ஏறியதும் வண்டியே மாறிவிட்டது. காற்று ஃபேரிங்கின் மேல் வழுக்கிக்கொண்டு போனது. ஐந்தாவது, ஆறாவது கியரில், சொன்ன பேச்சைக் கேட்கும் பிள்ளை போல நேராக ஓடியது. அந்தத் தாழ்ந்த ஹேண்டில்பார் எதற்கு என்று அங்கேதான் புரிந்தது. முன்னால் அம்மாவின் பேருந்து. முந்திப் போக இடம் இருந்தது. மகன் முந்தவில்லை.

ஆண்டகளூர் கேட்டில் திரும்பி, நெய்க்குப் பேர்போன ராசிபுரம். அங்கிருந்து மளிகைச் சந்தைக்குப் பேர்போன பேளுக்குறிச்சி. பிறகு காளப்பநாயக்கன்பட்டி. இருபுறமும் மரவள்ளித் தோட்டங்கள். வலது பக்கமும் இடது பக்கமும் மாறி மாறித் தெரிந்த மலை, காரவள்ளி வந்ததும் நேர் எதிரில் எழுந்து நின்றது.

வளைவு எண் 32

காரவள்ளியிலிருந்து மேலே சோளக்காடு வரை 70 கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றுக்கும் எண் எழுதிய பலகை உண்டு. முதல் பத்து வளைவுகள், பாட்டு பாடிக்கொண்டே ஏறலாம் போலத்தான் இருக்கும். பிறகு வளைவுக்கும் வளைவுக்கும் நடுவிலுள்ள தூரம் சுருங்கும். கியரை மாற்றி மூச்சு விடுவதற்குள் அடுத்த பலகை வந்துவிடும்.

இந்த மாதிரி சின்ன ஸ்போர்ட்ஸ் பைக்கின் இன்ஜினுக்கு ஒரு குணம் உண்டு. அதன் முழு பலமும் வேகமாகச் சுற்றும்போதுதான் வெளியே வரும். இந்த ஆர்15-ல் அதிகபட்ச சக்தி கிடைப்பது 8,500 ஆர்.பி.எம்-ல். நெடுஞ்சாலையில் அது சுகம். ஏற்றமான வளைவில், மெதுவாக, தப்பான கியரில் போனால் இன்ஜின் திணறும். நம்மூர் 100 சிசி வண்டிகள் முனகிக்கொண்டாவது ஏறிவிடும் இடத்தில் இது நின்றுவிடும்.

32-வது வளைவில் அதுதான் நடந்தது. எதிரில் ஒரு வேன் இறங்கி வந்தது. ஏறுகிற வண்டிக்குத்தான் வழி விட வேண்டும் என்பது மலைப்பாதை விதி. வேன் கேட்கவில்லை. மகன் உள்பக்கம் ஒதுங்கினார். வளைவின் உள்பக்கம்தான் மிகச் செங்குத்து. வண்டி மூன்றாவது கியரில் இருந்தது. ஒரு குலுக்கல். இன்ஜின் அணைந்தது.

136 கிலோ எடை, சரிவில் பின்னால் போகப் பார்த்தது. முன் பிரேக்கை அழுத்திப் பிடித்து, இடது காலை ஊன்றி நின்றார். பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. காலைக் குளிரிலும் ஹெல்மெட்டுக்குள் வியர்த்தது.

முன்னால் போன பேருந்து திரும்பி மறைந்துவிட்டது. பின் கண்ணாடியில் நீல வண்டி நின்றதை அம்மா பார்த்தார். அவ்வளவுதான். அதன் பிறகு மரங்கள். 33-வது வளைவில் பேருந்து திரும்பியபோது கீழே ரோடு தெரிந்தது. வண்டி இல்லை. 34-லும் இல்லை. அம்மா எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டார். "என்னம்மா, வாந்தி வருதா?" என்று கண்டக்டர் கேட்டார். அம்மாவுக்கு வாய் திறக்கவில்லை.

35-வது வளைவில், இலைகளுக்கு நடுவே ஒரு நீலம் தெரிந்தது. மெதுவாக ஏறி வந்தது. அம்மா உட்கார்ந்தார்.

32-ல் நின்ற மகன் காரைப் போகச் சொல்லிவிட்டு, முதல் கியருக்கு வந்து, பிரேக்கை விடாமல் க்ளட்சை மெல்ல விட்டு நகர்ந்திருக்கிறார். அதன் பிறகு ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே கியரைக் குறைத்தார். வளைவின் வெளிப்பக்கமிருந்து பார்த்து, எதிரில் எதுவும் இல்லை என்று தெரிந்த பிறகே திரும்பினார். 50-ஐத் தாண்டியபோது, தான் வேகமாக ஓட்ட ஆசைப்பட்டு வாங்கிய வண்டியில் 20 கி.மீ வேகத்தில் போய்க்கொண்டிருப்பது அவருக்கே சிரிப்பாக இருந்தது.

சோளக்காட்டில் ஒரு சூப்

எழுபதும் முடிந்ததும் சோளக்காடு. மிளகு, காபிக்கொட்டை, மலைவாழை, பருவத்தில் பலாவும் அன்னாசியும் என ரோட்டோரமே சந்தைதான். சில்வர் ஓக் மரங்களைச் சுற்றி மிளகுக் கொடி ஏறியிருக்கிறது. கீழே வியர்த்த உடம்புக்கு இங்கே காற்று ஜில்லென்று படுகிறது.

பேருந்து டீக்கு நின்றது. அம்மா இறங்கி, மூட்டுவலிக்கு நல்லது என்று எல்லோரும் சொல்லும் முடவாட்டுக்கால் கிழங்கு சூப் ஒன்று வாங்கினார். மகன் வந்து பக்கத்தில் வண்டியை நிறுத்தினார். இருவரும் 32-ஐப் பற்றிப் பேசவில்லை.

டீ குடித்துக்கொண்டிருந்த பஸ் டிரைவர் வண்டியைச் சுற்றிப் பார்த்தார். "ஏபிஎஸ் இருக்குதா தம்பி?"

"இல்லீங்கண்ணா. பழைய மாடல்."

125 சிசி-க்கு மேலான எல்லாப் புது பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயமானது 2019 ஏப்ரலில். இது அதற்கு முந்தையது. திடீரென்று பிரேக்கை அமுக்கினால் சக்கரம் பூட்டிக்கொண்டு சறுக்கும்.

"ஏறும்போது எந்த கியர்ல ஏறுனியோ, அதே கியர்ல இறங்கு. வளைவுக்கு முன்னாடியே வேகத்தைக் கொறச்சுடு. வளைவுக்குள்ள பிரேக் புடிக்காதே. பெட்ரோல் மிச்சம்னு இன்ஜினை ஆஃப் பண்ணிட்டு இறங்குறானுங்களே, அந்த வேலை வேண்டாம்" என்றார் டிரைவர். அம்மா, அவருக்கும் சேர்த்து டீக்குக் காசு கொடுத்தார்.

செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை. ஒரே அம்பில் யானை, புலி, மான், காட்டுப்பன்றி, உடும்பு என ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு பேசும் மன்னன் ஆண்ட மலை இது. அங்கிருந்து அறப்பளீஸ்வரர் கோயில். பக்கத்து ஓடையில் இருக்கும் மீன்களுக்கும் இந்த ஈசனுக்கும் தொடர்பு உண்டு என்பது ஐதீகம். பக்தர்கள் மீனுக்கு உணவு போடுகிறார்கள். அம்மாவும் போட்டார். கோயிலைத் தாண்டி ஆயிரத்துக்கும் மேற்பட்ட படிகள் இறங்கினால் ஆகாய கங்கை அருவி. அம்மாவின் முழங்கால் அதற்குச் சம்மதிக்கவில்லை. மகனும் போகவில்லை. அருவியின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு, கட்டிக்கொண்டுவந்த புளிசாதத்தை இருவரும் சாப்பிட்டார்கள்.

இறங்கும்போது...

திரும்பும்போது மகன் முன்னால், பேருந்து பின்னால். அம்மா இந்த முறை டிரைவருக்குப் பின் சீட்டில். நீல வண்டி இரண்டாவது கியரில், ஒவ்வொரு வளைவுக்கும் முன்பே பிரேக் லைட் எரிந்து அணைய, இறங்கிக்கொண்டிருந்தது. நான்கு பையன்கள் இரண்டு வண்டிகளில் இன்ஜின் சத்தமே இல்லாமல் வேகமாகத் தாண்டிப் போனார்கள். மகன் ஓரம் ஒதுங்கி வழி விட்டார். 32-வது பலகை வந்தபோது அம்மாவின் கண் அந்தப் பலகையில் இருந்தது.

மாலையில் வீடு வந்து, வண்டியை நிறுத்தியபோது மகனின் மணிக்கட்டு வீங்கின மாதிரி வலித்தது. அம்மா தைலம் எடுத்துக்கொடுத்தார்.

"அந்த முப்பத்திரண்டுல ஏன்டா நின்னுட்டே?"

அம்மா நம்பரைக்கூடப் பார்த்திருப்பார் என்று மகன் நினைக்கவில்லை. "கியர் மாத்த மறந்துட்டேன்மா."

"அப்புறம் மறக்கலையே?"

"இல்லம்மா."

அம்மா ஆர்.சி கார்டைக் கேட்டு வாங்கினார். பீரோவில் வைப்பார் என்று மகன் நினைத்தார். ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, திரும்ப அவரிடமே கொடுத்தார். "இது வண்டியிலயே இருக்கட்டும். அடுத்த வாரம் ராசிபுரத்துல ஒரு கல்யாணம் இருக்கு. அதுவரைக்கும்னா அந்தப் பரண்ல உக்காந்து வர்றேன். எனக்கும் ஒரு ஹெல்மெட் வாங்கி வை."

கொஞ்சம் யோசித்துவிட்டு, "மலைக்கெல்லாம் பஸ்தான்" என்றார்.

செகண்ட் ஹேண்ட் ஸ்போர்ட்ஸ் பைக் வாங்கப் போறீங்களா? இதையெல்லாம் பாருங்க!

* பெயர்: ஆர்.சி-யில் யார் பெயர் இருக்கிறதோ, அவர்தான் சட்டத்தின் பார்வையில் உரிமையாளர். 2018-ல் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்திருக்கிறது. எனவே பெயர் மாற்றுவது வாங்குபவருக்கு மட்டுமல்ல, விற்பவருக்கும் பாதுகாப்பு. ஃபார்ம் 29, 30 அவசியம். கடன் இருந்த வண்டி என்றால் ஃபார்ம் 35-ம் தடையில்லாச் சான்றும் வேண்டும்.

* இன்ஷூரன்ஸ்: வண்டி கைமாறிய 14 நாள்களுக்குள், பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பியுங்கள். உங்கள் பெயரில் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கிறதா என்றும் கேளுங்கள்.

* ஆயுள்: தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன் பிறகு புதுப்பிக்க வேண்டும். இன்னும் எத்தனை வருடம் பாக்கி என்று பார்த்து விலை பேசுங்கள்.

* டயர்: பக்கவாட்டில் நான்கு இலக்க எண் இருக்கும். முதல் இரண்டு வாரத்தையும், கடைசி இரண்டு வருடத்தையும் குறிக்கும். '3219' என்றால் 2019-ம் ஆண்டின் 32-வது வாரம். பட்டன் தேயாவிட்டாலும் பழைய டயர் பிடிமானத்தை இழந்திருக்கும்.

* விழுந்த அடையாளம்: ஃபேரிங் ஸ்க்ரூக்கள், பிரேக் - க்ளட்ச் லீவரின் நுனி, ஹேண்டில்பார் முனை, ஃபுட்ரெஸ்ட் ஆகியவற்றில் உரசல் இருக்கிறதா என்று பாருங்கள். முன் ஃபோர்க்கில் எண்ணெய்க் கசிவு இருந்தால், சீல் மாற்ற வேண்டியிருக்கும்.

* தனிப் பணம்: வண்டி விலை போக, செயின், டயர், பிரேக், பெயர் மாற்றம் ஆகியவற்றுக்கு ஒரு தொகையை ஒதுக்கி வையுங்கள். அது இல்லாமல் வண்டியை வீட்டுக்குக் கொண்டுவராதீர்கள்.